பன்றியை விலக்கிய நாம்





நம் சமூகத்தில் தொழுகையில் சோம்பல் உள்ளவர் உண்டு. நோன்பு நாளில் திரை போட்ட கடையைத் தேடுகிறவரும் இல்லாமல் இல்லை. ஜகாத்துக் கணக்கை ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறவரும் உண்டு. ஆனால் பன்றி இறைச்சியை அறிந்து உண்கிறவர் உண்டோ என்று கேட்டால், தொழாதவர்கூட முகம் சுளிப்பார். இந்த ஒரு விலக்கல் நம் இரத்தத்தோடு கலந்துவிட்டது. அல்ஹம்து லில்லாஹ்! இது நமக்குப் பெருமைதான்.

ஆயினும் ஒரு கேள்வி. நம்மைச் சுற்றி வாழும் மக்கள் இதை எவ்வளவு உண்கிறார்கள், ஏன் உண்கிறார்கள் என்பது நமக்குத் தெரியுமா? நாம் ஏன் உண்பதில்லை என்று ஒரு சீன வாடிக்கைக்காரர் கேட்டால் நேரான பதில் சொல்லத் தெரியுமா? அதைவிட முக்கியம்: இந்த ஒன்றை விலக்கியதால் நம் வயிற்றுக்குள் போவதெல்லாம் ஹலால் ஆகிவிட்டதா? இம்மூன்றையும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

உண்பவர் யார்? ஏன்?

உலகில் ஆண்டொன்றுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட பன்றிகள் உணவுக்காக அறுக்கப்படுகின்றன. அந்த இறைச்சியில் ஏறக்குறையப் பாதியைச் சீன தேசம் ஒன்றே உண்கிறது. டென்மார்க்கில் மனிதர் தொகையைவிடப் பன்றிகளின் தொகை அதிகம். சிங்கப்பூரில், குழந்தை முதல் கிழவர் வரை, உண்ணாத நம்மையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் ஆளுக்கு ஆண்டில் சுமார் 20 கிலோ வருகிறது. அப்படியானால் உண்கிறவர் வீட்டில் அது எத்தனை நாள் உணவு என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு மீன் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

சீனரின் சமையலில் வெறுமனே 'இறைச்சி' என்று சொன்னாலே பெரும்பாலும் பன்றி இறைச்சியைத்தான் குறிக்கும். வீடு, குடும்பம் என்று பொருள்படும் அவர்களுடைய எழுத்தைப் பாருங்கள்: மேலே ஒரு கூரை, கூரையின் கீழே ஒரு பன்றி. வீடென்றால் அதில் ஒரு பன்றி உண்டு என்பது அவர்களுடைய பழைய விவசாய வாழ்க்கை.

காரணம் என்ன? மாடு ஏர் இழுக்கவேண்டும். அதை அறுத்தால் அடுத்த போகத்துக்கு உழவு இல்லை. ஆட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். தென் சீனத்தில் நிலமெல்லாம் நெல் வயல். பன்றிக்கோ தவிடும் கழிநீரும் கீரைத் தண்டும் போதும். நான்கு மாதத்துக்குள் ஓர் ஈற்று. ஓர் ஈற்றுக்குப் பத்துக் குட்டி வரையில். சாணம் வயலுக்கு உரம். கொழுப்பு அடுப்புக்கு எண்ணெய். ஏழைக் குடியானவனுக்கு இது ஓர் உண்டியல் பெட்டி மாதிரி. ஐரோப்பியக் குடியானவனும் இதே கணக்கைத்தான் போட்டான். குளிர்காலத்துக்கு முன் பன்றியை அறுத்து, உப்பிட்டுப் புகையிட்டு வைத்தால், பனி மூடிய மாதங்களில் குடும்பம் பசியாறும்.

பசிக்காக வந்தது பிறகு பழக்கமாயிற்று, பழக்கம் சடங்காயிற்று. சீனர் ஆண்டுக்கொரு முறை முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் செங் பெங் நாளில் வாட்டிய பன்றியைப் படைப்பதுண்டு. கந்தோனியர் திருமணத்திலும் அதற்கு இடமுண்டு. புத்தாண்டு காலத்தில் இனிப்பிட்டு வாட்டிய பக்வா என்னும் இறைச்சித் தகட்டை வாங்க மணிக்கணக்கில் வரிசை நிற்கிறார்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேதத்தின் பழைய விலக்கல்கள் தங்களைக் கட்டுப்படுத்தா எனக் கருதி உண்கிறார்கள். ஆக, மலிவு, ருசி, தாய் சமைத்துப் போட்ட பழக்கம், முன்னோர்மேல் உள்ள பற்று ஆகியவைதாம் அவர்களுடைய காரணங்கள். நமக்குத் தீங்கு நினைத்து எவரும் அதை உண்ணவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்? நம்மில் சிலர் பன்றியை வெறுப்பதோடு நில்லாமல், உண்கிற மனிதரையும் வெறுக்கப் பழகிவிட்டார்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826 இல் நம் சூலியா முன்னோர் எழுப்பிய ஜாமிஆப் பள்ளிவாசல் எங்கே நிற்கிறது? சீனர் பேட்டையின் நடுவிலே! பள்ளிவாசலிலே பாங்கு, நாலு கடை தள்ளி இறைச்சி வாட்டும் புகை. இரண்டு நூற்றாண்டாக இரண்டும் அருகருகே இருக்கின்றன. நம் முன்னோர் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். கடனுக்குச் சரக்குக் கொடுத்தார்கள். கடனுக்கு வாங்கவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் தட்டில் கை வைக்கவில்லை. வெறுப்பில்லாத விலகலுக்கு அந்தப் பள்ளிவாசலே சாட்சி.

புத்தாண்டு விருந்துக்குச் சீன நண்பர் அழைத்தால் ஆரஞ்சுப் பழத்தோடு போய் வாழ்த்துங்கள். பழம் உண்ணுங்கள், நமக்கென்று தனியே ஹலால் உணவு தருவித்திருந்தால் நன்றி சொல்லி உண்ணுங்கள். இல்லையென்றால் சிரித்த முகத்தோடு 'எங்கள் மார்க்கத்தில் விலக்கு' என்று சொல்லி நகருங்கள். மூக்கைப் பொத்துவது மார்க்கமல்ல.

நாம் ஏன் விலக்குகிறோம்?

திருக்குர்ஆனில் நான்கு இடங்களில் இந்த விலக்கல் வருகிறது: அல்பகரா, அல்மாயிதா, அல்அன்ஆம், அந்நஹ்ல் ஆகிய அத்தியாயங்களில். தானே செத்தது, ஓடும் இரத்தம், பன்றியின் இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது என்று நான்கையும் ஒரே வரிசையில் வைத்து விலக்குகிறான் இறைவன். அல்அன்ஆமில் இது அசுத்தம் என்றும் அறிவிக்கிறான். இது நமக்கு மட்டும் வந்த புதுக் கட்டளையும் அல்ல. மூஸா நபிக்கு அருளப்பட்ட சட்டத்தைப் பின்பற்றும் யூதரும் இதை உண்பதில்லை. அபிசீனியாவின் பழைய கிறிஸ்தவச் சபையாரும் இன்றளவும் உண்பதில்லை.

இனி, நம்மவர் அடிக்கடி சொல்லும் பதிலைக் கவனிப்போம். 'அதில் புழு இருக்கிறது, வியாதி வரும், அதனால்தான் ஆண்டவன் தடுத்தான்' என்கிறார்கள். புழு உண்டென்பது மெய்யே. தசையில் சுருண்டு கிடக்கும் ஒரு நுண்புழு 1835 இல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அரை வேக்காடாக உண்பவருக்கு அது தீங்கு செய்யும். ஆனால் சிறிது யோசியுங்கள். சஹாபாக்கள் இந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஏறக்குறைய 1200 ஆண்டுகள் கழித்து அல்லவா அந்தப் புழு கண்ணில் பட்டது? அத்தனை தலைமுறையும் புழுவைப் பார்த்தா விலக்கினார்கள்? படைத்தவன் சொன்னான், விலக்கினார்கள். அவ்வளவே.

நம் விலக்கலைப் புழுவின் தலைமேல் கட்டினால் என்ன ஆகும்? 'இப்பொழுது பண்ணைகள் சுத்தம். நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும். இனி உண்ணலாமே' என்று நம் பிள்ளை கல்லூரியிலிருந்து வந்து கேட்பான். அவனுக்கு நம்மிடம் பதில் இராது. 1996 இல் இங்கிலாந்தில் மாட்டின் வியாதி மனிதனுக்கும் பரவுகிறது என்று அறிவித்தார்கள். 1997 இல் ஹாங்காங்கில் கோழியிலிருந்து காய்ச்சல் பரவி மனிதர் இறந்தார்கள். அதற்காக மாடும் கோழியும் ஹராம் ஆகிவிட்டனவா? இல்லையே! ஆரோக்கியம் கட்டளையின் நன்மைகளில் ஒன்றாக இருக்கலாம். கட்டளையின் அஸ்திவாரம் அதுவல்ல. அஸ்திவாரம் அல்லாஹ்வின் சொல்.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. 1998 இல் ஈப்போப் பக்கம் தொடங்கி, 1999 இல் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் உக்கிரமாய்ப் பரவிய நிப்பா வியாதியை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளி ஒருவர் மாண்டார். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணைகள் காலியாகிக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த நாளில் 'பன்றி தின்றதற்கு இது தண்டனை' என்று பேசிய நாக்குகள் உண்டு. உண்மை என்ன? பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து அதைப் பராமரித்த மனிதருக்கும் தொற்றியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பண்ணையில் உழைத்தவர்கள். உண்டதால் வந்த வியாதியே அல்ல அது. இறைவனுடைய தீர்ப்பைத் தன் வாயால் அறிவிக்கும் அதிகாரம் எந்த மனிதனுக்கும் தரப்படவில்லை. துன்பப்பட்டவன் எவனாயினும் அவனுக்கு உதவுவதே நபி வழி.

கட்டளைக்காக விலக்குவது எப்படி என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சிகள் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் முஸ்லிம் ஆட்சி 1492 இல் முடிந்தது. பத்தாண்டுக்குப் பின் காஸ்டீல் நாட்டு முஸ்லிம்கள் மதம் மாறவேண்டும் அல்லது நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. வெளியே கிறிஸ்தவராய் இருந்து உள்ளே ஈமானைக் காத்தவர்களை விசாரணை மன்றத்தார் வேவு பார்த்தார்கள். என்ன அடையாளத்தைக் கொண்டு? பன்றி இறைச்சியை ஒதுக்குகிறானா, மதுவை மறுக்கிறானா என்பதையும் கொண்டு! தட்டில் ஒரு துண்டை ஒதுக்கியது ஒருவனைச் சிறையில் தள்ளப் போதுமாயிருந்தது. கடைசியில் 1609 முதல் அந்த மக்களையே நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். நமக்கு இன்று அந்தச் சோதனை எதுவும் இல்லை. கடைக்குக் கடை ஹலால் முத்திரை தொங்கும் நாட்டில் இருக்கிறோம்.

சீன தேசத்து ஹூய் முஸ்லிம்களையும் நினையுங்கள். உலகிலேயே அதிகமாய்ப் பன்றி உண்ணும் மக்களின் நடுவே, அதே மொழி பேசி, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வாழ்கிறார்கள். 'தூய்மை, மெய்மை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைக் கடைவாசலில் எழுதி ஆட்டு இறைச்சியும் மாவுப் பண்டமும் விற்றார்கள். முஸ்லிமல்லாதவரும் அந்தக் கடைகளைத் தேடிப் போய் உண்டார்கள். விலக்கல் அவர்களுடைய வியாபாரத்தைக் கெடுக்கவில்லை. நம்பிக்கையைத் தேடித் தந்தது.

கண்ணுக்குத் தெரியாத பன்றி

நிற்க. முழுசாய்த் தொங்கும் பன்றியைக் கண்டு விலகுவது எளிது. இந்தக் காலத்தில் அது பெயர் மாறி வருகிறது. மிட்டாயிலும் மருந்துக் கூட்டிலும் உள்ள ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படும், மாட்டுத் தோல், எலும்பிலிருந்தும் எடுக்கப்படும், மீனிலிருந்தும் எடுக்கப்படும். ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் சேர்க்கும் 471 என்ற எண்ணுள்ள பொருள் தாவர எண்ணெயாலும் ஆகலாம். மிருகக் கொழுப்பாலும் ஆகலாம். எண்ணைப் பார்த்து மட்டும் ஹலால் என்றும் சொல்லமுடியாது, ஹராம் என்றும் சொல்லமுடியாது. கேட்டால்தான் தெரியும்.

ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு. இரண்டுக்கும் நடுவே பலருக்குத் தெரியாத ஐயமானவை உள்ளன. அவற்றை விட்டு விலகியவன் தன் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வியாபாரிக்கு இதன் பொருள், கொள்முதல் செய்யுமுன் விசாரிப்பது.

ஓர் உதாரணம் சொல்வோம். ரொட்டிக் கல்லில் எண்ணெய் தடவவும் முர்தபாக்கின்மேல் நெய் பூசவும் நம் சாப்பாட்டுக் கடைகளில் தூரிகை உபயோகிக்கிறார்கள். சுண்ணாம்புச் சாமான் விற்கும் கடையில் மலிவாய்க் கிடைக்கும் தூரிகையின் மயிர் எதனுடையது என்று எத்தனை பேர் பார்த்தோம்? பன்றி அல்லது நாயின் எந்தப் பாகத்தால் செய்த பொருளாயினும் அதைக் குறிப்பிட்டே விற்கவேண்டும் என்று மலேசியாவில் 2013 இல் ஓர் ஆணை உண்டாயிற்று. அப்படியிருந்தும் 2017 பிப்ரவரியில் அதிகாரிகள் பல மாநிலங்களில் சோதனை போட்டபோது, குறிப்பில்லாத பன்றி மயிர்த் தூரிகைகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. இறைச்சி ஹலால், மாவு ஹலால், எண்ணெய் ஹலால், தூரிகை? ஷாஃபிஈ மத்ஹபின்படி பன்றி கடும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீராக இருக்கவேண்டும். ஒரு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ஊரார் தொழுகையை எல்லாம் சந்தேகத்தில் ஆழ்த்தலாமா?

'நாங்கள் உண்பதில்லை, விற்கத்தான் விற்கிறோம்' என்று சொல்வதற்கும் இடமில்லை. மக்கா வெற்றியின் ஆண்டில் நாயகம் (ஸல்) அவர்கள் மது, செத்த பிராணி, பன்றி, சிலை ஆகியவற்றை விற்பதே விலக்கு என்று அறிவித்தார்கள். செத்த பிராணியின் கொழுப்பைப் படகுக்குப் பூசவும் விளக்கெரிக்கவும் பயன்படுத்துகிறார்களே என்று கேட்டபோதும் இணங்கவில்லை. ஆகவே பெட்டிக்கடையின் மூலை அலமாரியில் டின் இறைச்சி அடுக்கி வைத்திருப்பவர், 'சீன வாடிக்கைக்காக' என்று சமாதானம் சொல்லவேண்டாம். அந்த வாடிக்கைக்கு வேறு கடைகள் உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்வோம். 2014 மே மாதத்தில், பெயர் பெற்ற ஒரு சாக்லேட்டின் மாதிரிகளில் பன்றியின் அணுக்கூறு காணப்பட்டதாக மலேசியாவில் செய்தி வந்தது. ஊரெல்லாம் கொந்தளித்தது. சில நாள் சென்று இஸ்லாமிய மேம்பாட்டு இலாகா தானே மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து, அவற்றில் அப்படி ஒன்றும் இல்லை என்று ஜூன் மாதத்தில் அறிவித்தது. இடையிலே எத்தனை கூச்சல்! செய்தி ஒன்று வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. போட்டிக் கடைக்காரனைக் கவிழ்க்க 'அங்கே ஹராம் கலக்கிறார்கள்' என்று கிளப்பிவிடும் நாக்கு, பன்றியைவிட மோசமானதைத் தின்கிறது. புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்டிருப்பதும் அதே அத்தியாயத்தில்தான்.

நம் நாசி கண்டார் கடைக்கு இந்துச் சகோதரரும், குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனரும் வருகிறார்கள். அவர்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. 'இந்தக் குழம்பில் மாடு இல்லையே?' என்று கேட்கிறார்கள். அவசரத்தில் 'இல்லை, இல்லை' என்று சொல்லி, மாட்டுக் குழம்பில் தோய்ந்த அதே அகப்பையால் கோழிக் குழம்பை ஊற்றினால் என்ன அர்த்தம்? நமக்குப் பன்றி எப்படியோ, அவருக்கு மாடு அப்படி. நமக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவதில்லை என்று படித்தவர்கள் நாம். அவருடைய தட்டு நம் கையில் உள்ள அமானிதம். தனி அகப்பை ஒன்று என்ன விலை ஆகிவிடும்?

கல்லாப் பெட்டியின் ஹலால்

சகோதரர்களே! இனிச் சொல்லப்போவதுதான் நாம் முக்கியமாய்ச் சொல்லவந்தது.

பன்றியை விலக்கிய அதே வசனங்களில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. விருப்பமின்றி, வரம்பு மீறாமல், வேறு வழியே இன்றி உயிர் போகும் நிலையில் உண்டவன்மேல் குற்றமில்லை என்று அல்லாஹ் அருள்கிறான். பட்டினியால் சாகப்போகிறவனுக்குப் பன்றிக்கும் அனுமதி உண்டு. ஆனால் தன் உயிரைக் காக்க இன்னொரு நிரபராதியைக் கொல்ல எவருக்கும் அனுமதி இல்லை என்று மார்க்க அறிஞர் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இதிலிருந்து அடியாரின் உரிமை எவ்வளவு கனமானது என்று விளங்கவில்லையா? அல்லாஹ்வின் உரிமையில் தவறினவன் அழுது தவ்பாச் செய்தால் அவன் மன்னிப்பான். அடியானின் உரிமையைப் பறித்தவனோ அந்த அடியானிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அவன் மன்னிக்கவேண்டும்.

ஆனால் நம்மிடையே நிலைமை எப்படி இருக்கிறது? பன்றி என்ற சொல்லைக் கேட்டால் காறித் துப்புகிறோம். வேலையாளின் சம்பளம் மூன்று மாதம் நிலுவையில் நிற்கும்போது அந்த அருவருப்பு எங்கே போய்விடுகிறது? இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் வரும் பையன், காலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை தட்டுத் தேய்க்கிறான். அவன் தாய் ஊரில் அடகுச் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்கிறார் முதலாளி. அவருடைய கடையின் சுவரிலே திருவசனம் சட்டம் போட்டுத் தொங்குகிறது! உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். அவன் கூலியைத் தின்ற சோறும் அந்தத் தட்டிலே ஹராம்தான். அதற்கு வாடை இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

அநாதையின் சொத்தை அநியாயமாய் உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்ற கருத்தில் அந்நிஸா அத்தியாயம் எச்சரிக்கிறது. அதே அத்தியாயம் பெண்மக்களின் பங்கையும் நிர்ணயித்திருக்கிறது. தகப்பனார் காலமானார். கடை ஆண்மக்கள் பெயருக்கு மாறிற்று. 'கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்றே' என்று சொல்லி, சகோதரியின் பங்கைப் பேரேட்டில் ஏற்றாமலே விட்டார்கள். அந்த வருமானத்தில் ஹஜ்ஜும் செய்தார்கள். அவர்கள் வீட்டு விருந்தில் இறைச்சி அறுத்தவர் யார் என்று கேட்பவர் பத்துப் பேர். பணம் யாருடையது என்று கேட்பவர் ஒருவருமில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழை பட்டது என்றான் வியாபாரி. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே போட்டிருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள். அந்தத் தானியம் ஹலாலான தானியம்! கெட்டது வியாபாரம். 2020 டிசம்பரில் ஜொகூரில் ஒரு கிட்டங்கியைச் சோதித்தபோது, வெளிநாட்டு உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை ஒட்டுவது வெளிப்பட்டு நாடே அதிர்ந்தது. முத்திரையே பொய்யானால் உள்ளே இருப்பது மாட்டிறைச்சி என்று சொல்லி என்ன பயன்?

அபூபக்கர் (ரலி) அவர்களின் வரலாறு புகாரியில் இருக்கிறது. அவர்களுடைய ஊழியர் ஒருவர் ஒருநாள் உணவு கொண்டுவந்து கொடுக்க, உண்டார்கள். இது எப்படி வந்தது தெரியுமா என்றார் ஊழியர். அறியாமைக் காலத்தில் குறி சொல்லத் தெரியாமலே ஒருவனுக்குக் குறி சொல்லி ஏமாற்றியதற்கு அவன் கொடுத்த கூலி என்றார். உடனே அபூபக்கர் (ரலி) வாய்க்குள் விரலை விட்டு வயிற்றிலிருந்ததை எல்லாம் வெளியே கொண்டுவந்தார்கள். அது பன்றியா? இல்லை. செத்ததா? இல்லை. சம்பாத்தியம் கெட்டது. நாம் பன்றிக்காக வைத்திருக்கும் அருவருப்பை அவர்கள் கெட்ட காசுக்காக வைத்திருந்தார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் நன்றாக விளங்கும் ஒரு சொல் 'முஃப்லிஸ்', அதாவது திவாலானவன். யார் திவாலானவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். அவனல்லன், தொழுகை, நோன்பு, ஜகாத்து எல்லாம் கொண்டு மறுமையில் வருவான், ஆனால் ஒருவனைத் திட்டியிருப்பான், ஒருவன்மேல் பழி சுமத்தியிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், கடன்காரர் ஒவ்வொருவருக்கும் இவனுடைய நன்மைகள் பங்கிடப்படும், தீர்ந்துபோனால் அவர்கள் பாவம் இவன் தலையில் ஏற்றப்படும், அவனே திவாலானவன் என்னும் கருத்தில் விளக்கினார்கள். அன்று நம் பேரேட்டைத் தணிக்கை செய்கிறவனுக்கு இரட்டைக் கணக்குக் காட்டமுடியாது. பன்றியைத் தொடாத நன்மை நம்முடைய வரவுப் பக்கத்தில் இருக்கும். அதைத் தட்டுத் தேய்த்த பையன் எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வோம்?

செய்யவேண்டியவை

சகோதரர்களே! யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. நம்மில் நல்ல முதலாளிகள் அநேகர் உண்டு. அவர்களால்தான் பள்ளிவாசல்களில் விளக்கெரிகிறது, ஏழைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய மூன்று காரியங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, இந்த வாரத்துக்குள் உங்கள் கடை அலமாரியையும் சமையற்கட்டையும் நீங்களே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, தூரிகை எதனால் ஆனது என்று விசாரியுங்கள். ஐயமானதை ஒதுக்குங்கள். முறையான ஹலால் சான்றிதழ் பெறாதவர்கள் பெற முயலுங்கள். சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் கொடுத்துவருகிறது. சுவரில் மாட்டிய வசனம் பரக்கத்துக்கு. அதைச் சான்றிதழுக்குப் பதிலாகக் காட்டவேண்டாம்.

இரண்டு, சம்பளப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நிலுவை இருந்தால் அடுத்த ஜும்ஆவுக்குள் தீருங்கள். முழுவதும் முடியாவிட்டால் பாதியைக் கொடுத்து, மீதிக்கு நாள் சொல்லி, அந்த நாளில் கொடுங்கள்.

மூன்று, ஊரில் உள்ள சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் பேசுங்கள். 'வாப்பாவின் சொத்தில் உன் பங்கு இன்னது' என்று சொல்லுங்கள். அவள் வேண்டாமென்று மனமாரச் சொன்னால் அது அவள் விருப்பம். கேட்காமல் இருந்துவிட்டது நம் உரிமையாகாது.

பிரயாணத்தில் தலை கலைந்து, புழுதி படிந்து, வானை நோக்கிக் கையேந்தி இறைவனை அழைக்கும் ஒரு மனிதனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அவன் உண்டது ஹராம், குடித்தது ஹராம், உடுத்தியது ஹராம். அவன் துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள். நம் கைகளும் அப்படி வெறுங்கையாய்த் திரும்பாதிருக்கவேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலாக்கிவைத்ததைப்போல் எங்கள் வருமானத்தையும் ஹலாலாக்கிவைப்பாயாக. எங்கள் தராசை நேராக்குவாயாக. எங்களிடம் உழைப்பவர்களின் மனத்தாங்கலிலிருந்து எங்களைக் காப்பாயாக. எங்களைச் சுற்றி வாழும் மக்களோடு நல்ல அண்டை வீட்டாராய் வாழும் குணத்தைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.